பீம் மாமா சாகத்தான் வேணுமா?

ஓசூர் சிப்காட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்க. மெஷின் பக்கத்தில் ஒரு டிராயிங் இருக்கும். எங்கேயோ யாரோ போட்டது. அதிலிருந்து மயிரிழை பிசகினாலும் பாகம் ரிஜெக்ட்.

இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரில், 2004-இல் ஒரு ஸ்பைடர்மேனும் ஏறக்குறைய அப்படித்தான் தயாரானான். காதம் என்டர்டெயின்மென்ட்டைச் சேர்ந்த ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் மூவரும் மார்வெலின் அனுமதியோடு உருவாக்கிய 'ஸ்பைடர்மேன்: இந்தியா' மொத்தமே நாலு இதழ்தான். பீட்டர் பார்க்கர் பவித்ர் பிரபாகர் ஆனான். மேரி ஜேன், மீரா ஜெயின். நார்மன் ஆஸ்பார்ன், நலின் ஓபராய். சத்தமாச் சொல்லிப் பாருங்க, பழைய அச்சு காதிலேயே விழும்.

கதிரியக்கச் சிலந்தி போய் ஒரு யோகி வந்தார். வில்லனுக்குள் ராட்சசன் புகுந்தான். இதெல்லாம் வெளியூர்க்காரனுக்குக் காட்டப் போட்ட மேக்கப் மாதிரி எனக்குத் தோணும். ஆனா, ஜீவன் காங் வரைந்த வேட்டி அப்படியில்லை. கிராமத்திலிருந்து ஸ்காலர்ஷிப்பில் மும்பைப் பள்ளிக்கு வந்த பையனை எதுக்காகச் சிரிச்சாங்களோ, அதையே கட்டிக்கிட்டு அவன் மாடிக்கு மாடி தாவுறான். அது நம்ம ஆள்.

மாறாதது ஒண்ணு உண்டு. அமெரிக்காவில் பென் மாமா செத்தார். ஆகவே இங்கே பீம் மாமாவும் சாகணும். செத்தார்.

2023-இல் அதே பவித்ர் 'அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' அனிமேஷன் படத்துக்குள் வந்தான். மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பாட்டன்' நகரத்தின் நிறத்துக்கும் கோட்டுக்கும் படக்குழு எடுத்துக்கிட்டது எழுபதுகளின் இந்திரஜால் காமிக்ஸை. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-இல் தொடங்கி, நம்ம அப்பாக்கள் வாடகைக்கு வாங்கிப் படிச்ச அதே மலிவு அச்சு. இங்கே பவித்ர் யாருக்கும் இந்தியாவை விளக்குறதில்லை. 'சாய் டீ'ன்னு சொன்ன மைல்ஸைத்தான் கிண்டலடிக்கிறான்: சாய்னாலே டீதானே!

அப்புறம் அந்தக் காட்சி. கட்டடம் சரியுது. பவித்ரின் காதலி காயத்ரியின் அப்பா, இன்ஸ்பெக்டர் சிங், கீழே மாட்டிக்கிறார். ஸ்பைடர்மேனுக்கு நெருக்கமான ஒரு போலீஸ் அதிகாரி ஒவ்வொரு உலகத்திலும் செத்தே ஆகணும், டிராயிங் அப்படி. மைல்ஸுக்கு அது தெரியாது. ஓடிப் போய்க் காப்பாத்திடுறான். உடனே மும்பாட்டனின் நடுவில் ஓட்டை விழுது, நகரம் பிய்ஞ்சு உள்ளே போகுது.

2004-இல் கேட்க முடியாத கேள்வி அது. நகல் எடுத்த கதை, மூலத்தின் சாவையும் நகல் எடுக்கணுமா? அதைக் கேட்கும் இடமா அமெரிக்கப் படம் தேர்ந்தெடுத்தது அந்த நகல் ஊரையேதான்.

இந்தியாவில் படம் பத்து மொழிகளில் வந்தது. ஓசூர்த் தெருவில் புழங்கும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் அதில் உண்டு. மூணு மொழியிலும் சிங் பிழைச்சுக்கிறார். மூணு மொழியிலும் ஓட்டை மூடிச்சான்னு சொல்லாமலே படம் முடியுது.