நாழிகை வழியும் வான்வழியும்

தொலைவைக் காலத்தால் சொல்வது தமிழரின் பழைய வழக்கம். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். அதற்குள் நடந்து கடக்கும் தூரத்தை ‘நாழிகை வழி’ என்றனர். இன்றும் மேட்டூரில் ஒரு பெரியவரிடம் ஓமலூர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், “முக்கால் மணி நேரம்” என்பாரே தவிர, கிலோமீட்டர்க் கணக்கைச் சொல்லமாட்டார். சேலம் – சென்னை வான்வழியை எண்ணும்போதெல்லாம் இந்த வழக்கில் உள்ள அறிவு எனக்குப் புலப்படுகிறது.

ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது சேலம் விமான நிலையம். அங்கிருந்து சென்னை விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 265 கி.மீ. சாலை வழியே சென்றால் ஏறத்தாழ 340 கி.மீ. சேர்வராயன், கல்வராயன், சவ்வாது மலைகளைச் சாலையும் இருப்புப்பாதையும் சுற்றித்தான் செல்லவேண்டும். இரயில் வடக்கே ஏறிச் சோலையார்பேட்டை, காட்பாடி வழியாகச் சென்னையை அடைகிறது. வானூர்திக்கு அந்தச் சுற்று இல்லை.

இத்தடத்தில் பறந்துவந்தவை பெரும்பாலும் ஏ.டி.ஆர். வகைச் சிறு வானூர்திகள். சேலத்தின் ஓடுதளம் ஏறத்தாழ 1800 மீட்டரே என்பதால் அவையே இங்குப் பொருந்தும். மணிக்கு 500 கி.மீ. வேகம் என்று கொண்டால் 265 கி.மீ.க்கு அரைமணி போதும். ஆனால் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் அளவில் காட்டப்படும். மேலெழும்போதும் கீழிறங்கும்போதும் முழு வேகம் இல்லை. ஓடுதளத்திற்கு ஊர்ந்து செல்லவும், சென்னையில் இறங்க முறைக்காகக் காத்திருக்கவும் நேரம் வேண்டும்.

மேட்டூர்க்காரனின் கணக்கு இதனினும் நீளும். காமலாபுரம் செல்ல ஒரு மணி, முன்னதாகச் சென்று காத்திருக்க ஒரு மணி, பறக்க ஒரு மணி, சென்னையில் இறங்கி நகருக்குள் சேர இன்னொரு மணி. ஆக நான்கு மணி நேரம், அதாவது பத்து நாழிகை. சேலம் சென்று இரயிலேறினால் ஏழு மணி நேரம் ஆகும். மிச்சமாவது மூன்று மணி நேரம். அவசரக்காரனுக்கு அது சிறிதன்று.

ஆனால் அந்த மூன்று மணி நேரம் எல்லா ஆண்டுகளிலும் நமக்கு வாய்த்ததில்லை. 1993இல் நிலையம் திறக்கப்பட்டது. தொடக்கச் சேவை நீடிக்கவில்லை. 2009இல் கிங்ஃபிஷர் வந்து, ஓரிரு ஆண்டுகளில் நின்றது. மத்திய அரசின் உடான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச் 25 அன்று ட்ரூஜெட் சென்னைச் சேவையைத் தொடங்கியது. 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபர் 29 அன்று இண்டிகோ மீண்டும் தொடங்கிவைத்தது. ஓடுதளம் அங்கேயே இருந்தது. பயணிகள்தாம் வேறு வழி தேடினர்.

2022இல் ஓர் இரவு, எங்கள் கல்லூரி நண்பரின் தந்தை சென்னை மருத்துவமனையில் கவலைக்கிடமாக இருப்பதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலை பறப்பதற்குச் சேலத்தில் விமானம் இல்லை. நண்பர் இரவுப் பேருந்தில் சென்றார். விடியலில் அவர் போய்ச் சேர்ந்தபோது தந்தையின் நினைவு தப்பியிருந்தது. விமானம் இருந்திருந்தாலும் அது காலையில்தான் புறப்பட்டிருக்கும் என்று அவரே பிற்பாடு சொன்னார். ஆயினும், “இருந்ததா என்று பார்க்கவேண்டிய நிலையே இல்லாமல் போயிற்றே” என்றார்.

வரைபடத்தில் அந்த 265 கி.மீ. என்றும் மாறாது. நாளைக்கும் விமானம் உண்டு என்ற உறுதி இருக்கும் காலத்தில்தான் சென்னை நமக்குப் பத்து நாழிகை வழி; இல்லாத காலத்தில் அது ஓர் இரவு வழி.