காவலில் மலர்ந்த கல்வி

சிறைத்தீவு என்னும் பெயரை நம் அந்தமான் நெடுநாள் சுமந்தது. காவலிலேயே மலர்ந்த கல்வி ஒன்றினை ஈண்டு நினைவுகூர்கின்றோம்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க 1939-இல் அடையாறு வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதால் பகைநாட்டவராகக் காவலுக்குள்ளானார். அகமத்நகரில் அடைக்கப்பட்ட மகன் மாரியோ, அன்னையின் 70-ஆம் பிறந்தநாளன்று விடுதலை பெற்றார். பின்னர் 1942 முதல் 1944 வரை இருவரும் கோடைக்கானலில் வாழ்ந்தனர். அங்கே சிறுவர்கள் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் நேரிற்கண்டு கற்றனர். வளரிளம் பருவத்தினர் நிலத்தில் உழைத்துக் கற்றல் வேண்டும் என்பதும் அம்மையார் கொள்கை.

கட்டுண்டவர் கண்டது குழந்தையின் விடுதலை! கடலும் கானும் வாயிலில் காத்திருக்க, நம் செல்வங்களை நாமே நான்கு சுவர்களுக்குள் அடைத்தல் தகுமோ?