எண்ணிக்கை யாருக்குரியது?
மலாவியின் எச்.ஐ.வி. திட்டமும் சுகாதார ஊழியர் பயிற்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

சுகாதாரத்துறையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வைத்தியசாலைகளின் தோற்றத்தையும் புதிய மருந்துகளின் வருகையையும் பேரறிஞர் சிலரின் பணிகளையுமே முதன்மைப்படுத்துவர். பதிவேட்டில் எண்களை எழுதிய தாதியும், அவற்றைக் கூட்டிப் பார்த்த மாவட்ட உத்தியோகத்தரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. ஆயினும், நோய்த்தடுப்புத் திட்டமொன்று வெற்றி பெற்றதா, தோல்வியுற்றதா என்பதை அறிய நம்மிடமுள்ள சான்றுகளுட் பெரும்பாலானவை அவர்களது கையெழுத்திலிருந்தே பிறக்கின்றன. கண்காணிப்பும் மதிப்பீடும் என இன்று வழங்கப்பெறும் துறை வெறும் நிர்வாக நுட்பமன்று. அறிவை உற்பத்தி செய்பவர் யார், அதனைப் பயன்படுத்துபவர் யார் என்னும் அதிகார உறவும் அதனுள் உறைந்துள்ளது. எச்.ஐ.வி. திட்டங்களைக் கண்காணிக்கச் சுகாதார ஊழியர் பயிற்றப்பட்ட வரலாற்றை, சிறப்பாக மலாவி நாட்டின் அனுபவத்தை, இக்கண்ணோட்டத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சிகிச்சையற்ற காலத்து எண்கள்

எயிட்ஸ் நோய் 1981 இல் ஐக்கிய அமெரிக்காவில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் இரத்தப் பரிசோதனைக்கான வசதிகள் அக்காலத்தில் இருக்கவில்லை. எனவே 1985 இல் மத்திய ஆபிரிக்கக் குடியரசின் தலைநகரான பாங்குயியில், நோய்க்குறிகளை மாத்திரம் கொண்டு எயிட்ஸை இனங்காண்பதற்கான வரைவிலக்கணமொன்று வகுக்கப்பட்டது. 1987 இல் ஜொனதன் மான் என்பவரின் தலைமையில் உலக சுகாதார ஸ்தாபனம் தனது எயிட்ஸ் திட்டத்தை ஆரம்பித்தபின், கர்ப்பிணித் தாய்மாரின் இரத்த மாதிரிகளைப் பெயர் நீக்கிப் பரிசோதிக்கும் முறை பரவலாயிற்று. தொற்றின் போக்கை அறிய அம்முறை உதவியது. ஆனால், இரத்தத்தை வழங்கிய பெண்ணுக்கு அதன் முடிவு தெரிவிக்கப்படவில்லை. எண் அரசுக்கும் ஆய்வாளனுக்கும் உரியதாயிற்றேயன்றி, அவளுக்கு உரியதாகவில்லை. வழங்குவதற்குச் சிகிச்சை எதுவுமில்லை என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுள் ஒன்று.

இம்முறையின் எல்லைகள் பின்னரே தெளிவாகின. 2006 இல் இந்தியாவில் 57 இலட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வதாக ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்பு மதிப்பிட்டது. மறு ஆண்டே அத்தொகை ஏறத்தாழ 25 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. ஓராண்டில் முப்பது இலட்சம் பேர் குணமடைந்துவிடவில்லை. அரசாங்கச் சிகிச்சை நிலையங்களை நாடி வருவோரிடம் பெற்ற மாதிரிகளோடு, 2005–06 இல் வீடுவீடாக நடத்தப்பட்ட தேசிய குடும்பநல ஆய்வின் பெறுபேறுகளும் சேர்க்கப்பட்டன. கண்காணிப்பு நிலையங்களும் அதிகரிக்கப்பட்டன. யாரை எண்ணுகிறோம் என்பது மாறியதும் எண்ணும் மாறிற்று. புள்ளிவிபரம் சமூக உறவுகளுக்கு அப்பாற்பட்ட தூய உண்மையன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் காண்பதரிது.

2. நிதியும் படிவமும்

1996 இல் கூட்டு மருந்துச் சிகிச்சையின் பயன் நிறுவப்பட்டது. எனினும் ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் டொலருக்கும் மேற்பட்ட அதன் விலை, மூன்றாம் உலக மக்களை அதிலிருந்து விலக்கியே வைத்தது. 2001 இல் இந்திய நிறுவனமான சிப்லா அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டொலருக்கு வழங்க முன்வந்தபோது நிலைமை மாறத் தொடங்கிற்று. 2002 இல் உலகளாவிய நிதியமும், 2003 இல் ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதியின் அவசர நிவாரணத் திட்டமும் தோன்றின.

நிதியுடன் படிவங்களும் வந்தன. நிதி வழங்கும் ஒவ்வோர் அமைப்பும் தனக்கெனச் சுட்டிகளையும் அறிக்கை முறைகளையும் வகுத்துக்கொண்டது. ஒரே நோயாளியைப் பற்றி வெவ்வேறு தாள்களில் எழுதவேண்டிய நிலைக்குத் தாதியர் தள்ளப்பட்டனர். இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டே 2004 ஏப்பிரலில் 'மூன்று ஒருமைகள்' என்னும் கோட்பாடு ஏற்கப்பட்டது. நாடொன்றுக்கு ஒரே செயற்றிட்டம், ஒரே தேசிய அதிகாரபீடம், ஒரே கண்காணிப்பு மதிப்பீட்டு முறை என்பனவே அவை. கோட்பாடு ஏற்கப்பட்டதேயன்றி நடைமுறை எளிதில் மாறவில்லை. பயிற்சிகள் பலவும் தலைநகர் விடுதிகளில் சில நாட்கள் நடைபெறும் கருத்தரங்குகளாக அமைந்தன. நன்கொடையாளரின் படிவத்தைப் பிழையின்றி நிரப்புதலே அவற்றிற் கற்பிக்கப்பட்டது. தான் திரட்டிய எண்ணிலிருந்து தன் சிகிச்சை நிலையத்தைப் பற்றித் தானே முடிவு காண்பதற்கு ஊழியர் பயிற்றப்பட்டது மிகக் குறைவே.

3. மலாவியின் வழி

இப்பின்னணியிலேயே மலாவியின் அனுபவம் முக்கியத்துவம் பெறுகின்றது. 1964 இல் பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற இந்நாடு உலகின் மிக வறிய நாடுகளுள் ஒன்று. 2004 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையானோரில் நூற்றுக்கு 12 பேர் தொற்றுடையோராயிருந்தனர். வைத்தியர்களோ ஒரு இலட்சம் பேருக்கு இருவருக்கு மேற்படவில்லை. அவ்வாண்டில் அரசாங்கம் இலவசச் சிகிச்சையை ஆரம்பித்தபோது, அதன் சுமை மருத்துவ உத்தியோகத்தர் மீதும் தாதியர் மீதுமே விழுந்தது. கிராமங்களிற் பணிபுரிந்த சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்கள் பரிசோதனைப் பணியிற் பெரும்பங்கு வகித்தனர்.

பின்பற்றிய முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1970களின் இறுதியில் தன்சானியாவில் காசநோய்த் தடுப்புத் திட்டத்தை நெறிப்படுத்திய கரெல் ஸ்டிப்ளோ, ஒரு காலாண்டிற் சிகிச்சை தொடங்கிய யாவரையும் ஒரு தொகுதியாகக் கொண்டார். குறித்த காலத்தின் பின் அவர்களுள் குணமடைந்தோர், இறந்தோர், விட்டுச் சென்றோர், இடம் மாறியோர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டார். இம்முறையில் யாரும் கணக்கிலிருந்து நழுவ இடமில்லை. 1980களில் மலாவியின் காசநோய்த் திட்டமும் இதனை மேற்கொண்டது. கட்டுப்பாடின்றி மருந்து பரவினால் சீர்குலைவு ஏற்படும் என 2001 இல் எச்சரித்த அந்தனி ஹரிஸ் முதலானோர், காசநோய்த் திட்டத்தின் இவ்வொழுங்கை எச்.ஐ.வி. சிகிச்சைக்கும் பொருத்தலாம் என வாதிட்டனர்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பதிவேடு என்பதே மலாவி முறையின் அடிப்படை. ஊழியர் வகுப்பறையிற் கற்றுத் தேர்வெழுதியபின், ஏற்கெனவே இயங்கிய நிலையமொன்றில் நேரடிப் பயிற்சி பெற்றனர். அத்துடன் பயிற்சி முடிந்துவிடவில்லை. சுகாதார அமைச்சின் குழுவினர் காலாண்டுக்கொருமுறை நிலையங்களுக்குச் சென்று, ஊழியருடன் அமர்ந்து அட்டைகளையும் பதிவேட்டையும் ஒப்பிட்டு எண்ணினர், மருந்திருப்பையும் சரிபார்த்தனர். செவ்வனே இயங்கிய நிலையங்களுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அங்கு பெற்ற எண்களைக் கொண்டே அடுத்த காலத்துக்கான மருந்துத் தேவையும் கணிக்கப்பட்டது. எண் தவறினால் மருந்து தட்டுப்படும் என்பதை ஊழியர் தம் அனுபவத்திலேயே உணர்ந்தனர். மேற்பார்வையே பயிற்சியாக மாறிய இவ்வமைப்பின் துணையுடன், 2010 அளவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சையில் இருந்தனர்.

4. பதிவேட்டின் மௌனம்

பதிவேடு எல்லாவற்றையும் கூறிவிடுமா? மூன்று மாதங்களாக வராத நோயாளி 'விட்டுச் சென்றவர்' என எழுதப்பட்டார். இச்சொல்லில் ஒரு பழி மறைந்துள்ளது: நோயாளி பொறுப்பற்றவர் என்பதே அது. வடமலாவியில் இவ்வாறு குறிக்கப்பட்ட 253 பேரைத் தேடிச்சென்று 2007 இல் வெளியிடப்பட்ட ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தந்தது. அவர்களுட் சரிபாதியினர் இறந்துவிட்டிருந்தனர். இறந்தோரிற் பெரும்பாலானோர் நிலையத்துக்கு இறுதியாக வந்து மூன்று மாதங்களுக்குள்ளேயே மரணமுற்றிருந்தனர். உயிருடனிருந்து சிகிச்சையை நிறுத்தியோர் கூறிய காரணங்களுட் போக்குவரத்துச் செலவு முதன்மையானது. மருந்து இலவசமாயினும் அதனை அடையும் பாதை இலவசமாயிருக்கவில்லை. வறுமை என்னும் காரணி பதிவேட்டின் எந்தக் கட்டத்திலும் இடம்பெறவில்லை. எண்ணை ஐயுற்று அதன் பின்னுள்ள மனிதரைத் தேடிச் செல்லும் பயிற்சியே மதிப்பீட்டின் உயிர்நாடி என்பதை இவ்வாய்வு உணர்த்திற்று.

இத்தகைய பயிற்சியின் அரசியற் பயன் 2011 இல் வெளிப்பட்டது. கர்ப்பிணிகளுக்கு மருந்து தொடங்குமுன் நோயெதிர்ப்புக் கலங்களை எண்ணவேண்டும் என்பது அன்றைய சர்வதேச விதி. அதற்கான இயந்திரங்கள் மலாவியின் கிராமங்களில் இல்லை. எனவே, தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அப்பரிசோதனைக்குக் காத்திராது வாழ்நாட் சிகிச்சை வழங்க அந்நாடு தானே தீர்மானித்தது. 2011 இன் இரண்டாம் காலாண்டில் சிகிச்சை தொடங்கிய இத்தகைய பெண்கள் 1,257 பேர். 2012 இன் மூன்றாம் காலாண்டில் அத்தொகை 10,663 ஆயிற்று. ஓராண்டின் பின்னும் சிகிச்சையில் நிலைத்தோர் நூற்றுக்கு 77 பேர். இவ்வெண்கள் வெளிநாட்டு ஆய்வுக்குழுவொன்று தனியே திரட்டியவையல்ல. காலாண்டு மேற்பார்வையின்போது சாதாரண ஊழியர் எண்ணியவை. 2013 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலும் இவ்வணுகுமுறையைத் தழுவிற்று. வறிய நாடொன்றின் பதிவேடு உலகின் கொள்கையை மாற்றிற்று எனின் அது மிகையன்று.

தன் நிலையத்தின் எண்ணிலிருந்து வினா எழுப்பி, விடைகண்டு, அதனை எழுதி வெளியிடும் வரை ஊழியரை வழிநடத்தும் பயிற்சி நெறியொன்றைச் சர்வதேசக் காசநோய் ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர் அமைப்பும் 2009 இல் ஆரம்பித்தன. குறித்த தவணைக்குள் ஆய்வை முடிக்காதோர் அடுத்த கட்டத்துக்குச் செல்லவியலாது என்பது அதன் விதி. படிவம் நிரப்புவோர் அறிவை ஆக்குவோராக மாறும் வழியினை இது காட்டிற்று.

5. நமக்குரிய பாடம்

இவ்வரலாறு இலங்கையருக்குப் புதிதன்று. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்ட காலந்தொட்டு, வீடுவீடாகச் சென்று பதிவு செய்யும் மரபொன்று இந்நாட்டில் வளர்ந்து வந்துள்ளது. அம்மரபு தளர்ந்தபோது நேர்ந்ததையும் நாம் அறிவோம். 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா காணப்பட்டது. வெற்றி கிட்டிவிட்டதென்ற எண்ணத்தில் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் நெகிழ்ந்தது. 1968 இல் நோயாளர் தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டிற்று. மறுபுறம், தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை இலங்கை ஒழித்துள்ளது என 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தபோது, அதற்கு ஆதாரமாயமைந்தவை தாய்சேய் நல நிலையங்களினதும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களினதும் பதிவுகளே.

2025 இன் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியது. 1984 முதல் அந்நாட்டின் நிதியில் நடைபெற்றுவந்த குடித்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் அவ்வாண்டு பெப்ரவரியில் நிறுத்தப்பட்டது. மலாவியின் தொற்று வீதத்தை 2004 இல் அளந்ததும் இத்திட்டத்தைச் சேர்ந்த ஆய்வே. மருந்து நின்றால் நோயாளி இறப்பார். எண்ணுவதும் நின்றால் அம்மரணம் நிகழ்ந்ததென்பதே பதியப்படாது போகும். ஆதலின், கண்காணிப்பையும் மதிப்பீட்டையும் நன்கொடையாளருக்குக் காட்டும் கணக்காக அன்றி, பொதுச் சுகாதார சேவையின் நிலையான உறுப்பாகக் கொள்ளல் வேண்டும். அதற்குரிய பயிற்சியை நம் பல்கலைக்கழகங்களும் தாதியர் கல்லூரிகளும் தத்தம் பாடநெறிகளிலேயே வழங்குதல் வேண்டும். எண்ணுவோருக்கும் எண்ணப்படுவோருக்கும் அவ்வெண்ணின்மீது உரிமை உண்டு. அவ்வுரிமையை நடைமுறைப்படுத்துவதே இத்துறை சார்ந்த பயிற்சியின் தலையாய இலக்காக அமைதல் வேண்டும்.