மூலக்கூறுகளின் லேசர் குளிர்விப்பு

லேசர் ஒளியைக் கொண்டு மூலக்கூறுகளின் ஓட்டத்தைத் தணித்து, தனிச்சுழியிலிருந்து ஒரு கெல்வினின் ஆயிரத்தில் சில பங்கு தூரத்துக்கும் உள்ளே கொண்டுவரும் முறை. அணுக்களுக்கு 1980களிலேயே கைகூடிய இது, மூலக்கூறுகளுக்கு வாய்க்க மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது.

எதிரே வரும் ஒளியனை உறிஞ்சும் அணு துளி வேகம் இழக்கிறது. பிறகு அதை ஏதோ ஒரு திசையில் உமிழ்கிறது. உமிழ்வின் உதைகள் சராசரியில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட, எதிர்த்தள்ளல் மட்டுமே சேர்ந்துகொண்டு போகும். லேசரின் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்து வைத்தால், டாப்ளர் விளைவால் ஒளியை நோக்கி ஓடிவரும் அணுக்களே அதை மிகுதியாக உறிஞ்சும். 1975இல் நடுநிலை அணுக்களுக்கு ஹேன்ஷும் ஷாலோவும், அயனிகளுக்கு வைன்லேண்டும் டெமெல்ட்டும் இதை முன்மொழிந்தார்கள். 1985இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூவின் குழு சோடியம் அணுக்களை 240 மைக்ரோகெல்வினுக்கு இறக்கியது. சூ, கோஹென்-டானூஜி, பிலிப்ஸ் மூவரும் 1997இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஓர் ஒளியன் சோடியம் அணுவிடமிருந்து பறிப்பது நொடிக்கு 3 செ.மீ. வேகம்தான். ஆகவே ஒரே அணு பல்லாயிரம் முறை ஒளியை உறிஞ்சி, ஒவ்வொரு முறையும் புறப்பட்ட நிலைக்கே திரும்பியாக வேண்டும். மூலக்கூறு இடறியது இங்கேதான். அது அதிரவும் சுழலவும் செய்வதால், கிளர்ந்த நிலையிலிருந்து இறங்கும்போது பல்வேறு அதிர்வு, சுழல் நிலைகளில் ஏதாவது ஒன்றில் போய் விழலாம். வேறு நிலையில் விழுந்துவிட்டால் அந்த லேசருக்கு அது அகப்படாது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு லேசரை வைத்து அடைப்பது நடக்கிற காரியமல்ல என்றே பலகாலம் கருதப்பட்டது.

விடை லேசரின் வலிமையில் இல்லை, மூலக்கூறைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தது. எலக்ட்ரான் நிலை மாறினாலும் பிணைப்பின் நீளம் ஏறக்குறைய மாறாத மூலக்கூறுகள் சில உண்டு. அவை பெரும்பாலும் பழைய அதிர்வு நிலைக்கே திரும்பும். 2004இல் இயற்பியலாளர் டி ரோசா ஓர் ஆய்வுத்தாளில் இத்தகையவற்றை எடுத்துக்காட்டினார். 2008இல் ஜுன் யேயின் குழு சுழற்சிக்கும் வழி சொன்னது: சுழற்சி எண் 1 உள்ள கீழ்நிலையிலிருந்து, சுழற்சி மிகக் குறைந்த மேல்நிலைக்கு ஏற்றினால், குவாண்டம் தேர்வு விதிகளே மூலக்கூறைப் பழைய இடத்தில் இறக்கிவிடும். இத்துறையின் உண்மையான திருப்பம் என இந்த இரண்டு ஆய்வுத்தாள்களையும் சொல்லலாம். இரண்டிலும் ஒரு மூலக்கூறுகூடக் குளிரவில்லை.

2010இல் யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிமிலின் குழு ஸ்ட்ரான்சியம் மோனோஃபுளோரைடைக் குளிர்வித்தது. 663 நானோமீட்டரில் ஒரு முதன்மை லேசர், 686 நானோமீட்டரை ஒட்டித் தப்பியவற்றை மீட்க இரண்டு, அவ்வளவுதான். ஆனால் தணிந்தது கற்றையின் பக்கவாட்டு ஓட்டம் மட்டுமே. அதே மூலக்கூறை எல்லாத் திசையிலும் தணித்து, லேசராலும் காந்தப் புலத்தாலும் பிடித்துவைக்கும் முப்பரிமாண ஒளி-காந்தப் பொறி 2014இல் வந்தது. வெப்பநிலை 2.3 மில்லிகெல்வின், சிக்கிய மூலக்கூறுகள் சுமார் 300. கோடிக்கணக்கில் அணுக்களைப் பிடித்துப் பழகிய துறைக்கு இது சொற்பம். 2017இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் கால்சியம் மோனோஃபுளோரைடை டாப்ளர் முறையால் எட்டக்கூடிய எல்லையான டாப்ளர் வரம்பையும் தாண்டி 50 மைக்ரோகெல்வினுக்கு இறக்கினர்.

குளிர்ந்த அணுக்களையே இணைத்து மூலக்கூறாக்குவது வேறொரு வழி. 2008இல் டெபோரா ஜின்னும் ஜுன் யேயும் பொட்டாசியம்-ரூபிடியத்தை அப்படி உருவாக்கினார்கள். 2024இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சோடியம்-சீசியம் மூலக்கூறுகள் ஒரே குவாண்டம் நிலையில் திரண்டு போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளாயின. அடர்த்தியிலும் குளிரிலும் இந்த வழியே முந்தி நிற்கிறது. எனினும் முதலில் குளிர்விக்கத்தக்க அணுக்கள் கிடைத்தால்தான் இது செல்லும். நேரடி லேசர் முறையோ மூவணு மூலக்கூறான கால்சியம் மோனோஹைட்ராக்சைடை 2022இல் பொறியில் பிடித்துவிட்டது.

2023இல் பிரின்ஸ்டனும் ஹார்வர்டும், ஒளியிடுக்கியில் (குவித்த லேசர் கற்றையில்) தனித்தனியே பிடித்த கால்சியம் மோனோஃபுளோரைடு மூலக்கூறுகளைக் குவாண்டம் பின்னலில் இணைத்துக் காட்டின. எலக்ட்ரானுக்கு மின் இருமுனைத் திருப்புதிறன் உண்டா என்று தேடவும், கனமான யிட்டர்பியம் மோனோஃபுளோரைடை இம்பீரியல் கல்லூரியில் குளிர்வித்து வருகிறார்கள். அந்தத் தேடலில் 2023இல் கடும் வரம்பை வகுத்ததோ, லேசரால் குளிர்விக்கப்படாத ஹாஃப்னியம் ஃபுளோரைடு அயனிதான்.