பட்டாவில் இல்லாத பெயர்

காவிரிப் படுகையில் 'விவசாயி' என்று சொன்னதும் தோளில் துண்டு போட்ட ஓர் ஆணின் முகம்தான் நமக்குத் தோன்றுகிறது. நாற்று நட்டவள், களை பறித்தவள், கதிர் அறுத்தவள், பதர் தூற்றியவள் எல்லாரும் 'நடவாள்', 'பெண்ணாள்' என்ற பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறார்கள். உழைப்புக்கு ஒரு சொல், உரிமைக்கு வேறொரு சொல். இந்தப் பிரிவினை வழக்கில் மட்டும் இல்லை. கூலிக் கணக்கிலும் சட்டத்திலும் பட்டாவிலும் எழுதப்பட்டிருக்கிறது.

பண்ணையாள் முறை ஒரு தனி மனிதரைப் பிடித்த முறை அன்று; குடும்பத்தையே பிடித்த முறை. கணவன் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தால் மனைவியும் அதே பண்ணைக்குத்தான் போக வேண்டும். வயல் வேலையோடு மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளுவது, நெல் குத்துவது எல்லாம் அவள் பங்கு. 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயச் சங்கம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் சேரிகளை எழுப்பியது. அந்தப் போராட்டங்களின் விளைவாக 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் இந்த வரலாற்றை எழுதும்போது ஆண் தலைவர்களுக்குப் பெயர் இருக்கிறது. பெண்களோ பெரும்பாலும் 'தாய்மார்கள் திரளாகக் கலந்துகொண்டனர்' என்ற ஒரே வரியில் வருகிறார்கள்.

அந்த வரியிலிருந்து தனியே தெரியும் பெயர் மணலூர் மணியம்மை. பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளவயதில் விதவையானவர். கைம்மைக் கோலத்தை உதறி, தலைமுடியைக் கிராப்பாக வெட்டி, வேட்டியும் சட்டையும் அணிந்து, திருவாரூர் வட்டாரத்துச் சேரிகளில் சங்கம் வளர்த்தார். 1953இல் அவர் இறந்தார். அவருடைய வாழ்வைத் தேடிச் சென்று 'பாதையில் பதிந்த அடிகள்' என்ற நாவலாக எழுதியவர் ராஜம் கிருஷ்ணன். ஒரு பெண்ணின் அரசியல் வாழ்வு மறக்கப்படாமல் இருக்க, பல ஆண்டுகள் கழித்து இன்னொரு பெண் எழுத வேண்டியிருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்களும் குழந்தைகளும். அறுவடைக் கூலியில் கூடுதலாகக் கேட்ட அரைப்படி நெல்லும், சங்கக் கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றங்கள். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. இவ்வளவு நிலபுலன் உள்ளவர்கள் தாமே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் கண்ட காரணங்களுள் ஒன்று. நிலம் ஒருவருக்குச் சோற்றை மட்டுமன்று, நம்பகத்தன்மையையும் தருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொன்னதில்லை.

அப்படியானால் நிலம் யார் பெயரில் இருந்தது? இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது. 1970இல் அது 15 ஆனது. அதற்கு மேல், குடும்பத்துப் பெண் சீதனமாக 10 ஸ்டாண்டர்டு ஏக்கர் வரை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. நிலத்தைக் காப்பாற்ற வழி தேடிய பெரிய வீடுகளில் மனைவி, மகள், மருமகள் பெயர்கள் பத்திரத்தில் ஏறின. அந்தப் பெண்கள் வரப்பில் கால் வைத்திருக்க வேண்டியதில்லை. குத்தகை நெல் எத்தனை மூட்டை வந்தது என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. ஒரு பக்கம் பெயர் மட்டும் உள்ள பெண், மறுபக்கம் உழைப்பு மட்டும் உள்ள பெண். இருவர் கையிலும் நிலம் இல்லை. சாதி இவர்களை எதிரெதிரே நிறுத்தியது. ஒருத்தி வீட்டின் திண்ணையில்கூட மற்றவள் உட்கார முடியாது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு 'பெண்கள் எல்லாரும் ஒன்று' என்று சொல்வது வெண்மணியை மறப்பதாகும்.

பெயரையும் உழைப்பையும் ஒரே பட்டாவில் சேர்த்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். பூமிதான இயக்கத்திலிருந்து வந்த அவரும் கணவரும் வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையில் தங்கினார்கள். 1981இல் 'லாஃப்டி' அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளரிடம் பேசி, வங்கிக் கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் அளவில் வாங்கிக் கொடுத்தார்கள். பத்திரம் பெண் பெயரில் பதிவானது. பெண் பெயரில் உள்ள நிலம் சாராயக் கடனுக்கு எளிதில் போகாது என்பது சாதாரணக் கணக்கு. கூலி கேட்டதற்காக எரிக்கப்பட்ட ஊரில் அது அசாதாரண அரசியல். 1990களில் கடற்கரை இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது மறியலில் இந்தப் பெண்கள் நின்றார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

கூலியின் கதை வேறு. சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் சட்டம் 'ஒரே வேலைக்கு ஒரே கூலி' என்றது. டெல்டாவில் வேலையே ஒன்றாக இல்லை. உழவும் நாற்றுப் பறியும் ஆண் வேலை. நடவும் களையும் பெண் வேலை. பகல் முழுக்கச் சேற்றில் குனிந்து நிற்பது 'லேசான வேலை' என்று ஊர் முடிவு செய்துவிட்டால் சட்டத்தால் என்ன செய்ய முடியும்? இந்தப் பிரிவினையை முதலில் உடைத்தது 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம். நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 'அதனால்தான் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை' என்று பண்ணைக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வதன் பொருள், பெண்ணுக்கு முதல்முறையாக மறுக்கும் வாய்ப்பு வந்தது என்பதே.

அதே காலத்தில் அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவின. இடுப்பொடிக்கும் வேலை குறைந்ததற்காக வருந்த வேண்டியதில்லை. ஆனால் இயந்திரம் விழுங்கியது பெண்ணின் வேலையை. இயந்திரத்தின் மேல் உட்கார்ந்ததோ ஆண். மகளிர் குழுக்கள் வாடகை இயந்திரம் வைத்திருக்கவும் பெண்கள் அதை ஓட்டவும் பழகினால்தான் கணக்கு மாறும்.

இது தஞ்சையின் பிரச்சினை மட்டுமல்ல. ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைகள் உள்ள ஆஸ்திரேலியாவிலும் நாட்டுப்புறப் பெண்கள் நெடுங்காலம் 'விவசாயியின் மனைவி'யாகவே கருதப்பட்டார்கள். அவர்களது வரலாற்றைத் திரட்ட 2017இல் விக்டோரியா அருங்காட்சியகம் தொடங்கிய திட்டத்துக்குப் பெயரே 'கண்ணுக்குத் தெரியாத விவசாயி'.

இங்கே அந்தத் தெரியாமைக்கு ரூபாய்க் கணக்கு உண்டு. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வறட்சி நிவாரணம், கொள்முதல் நிலையம் என எங்கே போனாலும் சிட்டா அடங்கல் கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகைக்குப் பயிரிடும் பெண்ணிடம் அது இல்லை. மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தியது. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. ஆனாலும் 'சீர் செய்தாயிற்றே' என்று சொல்லி, அண்ணன் தம்பிக்காக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் தொடர்கிறது. தாய் வீட்டு உறவு அறுந்துவிடும் என்ற பயத்தில் போடப்படும் கையெழுத்து அது.

இதைப் படிக்கும் மாணவிகள் வீட்டுப் பீரோவில் உள்ள பட்டாவை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை பெண் பெயர்கள் இருக்கின்றன, இருக்கும் பெயர்களில் எத்தனை பேருக்கு விளைச்சல் கணக்கு தெரியும் என்று கேளுங்கள். பட்டாவே இல்லாத வீட்டு மாணவி, பாட்டி யார் நிலத்தில் எத்தனை ஆண்டுகள் நட்டாள் என்று கேட்டு எழுதி வையுங்கள். டெல்டாவின் வரலாற்றில் அந்தப் பக்கம்தான் இன்னும் எழுதப்படவில்லை.