டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்த கதை

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஆல்டர்னேட்டர் தெரியும். பேன் பெல்ட்டில் சுற்றிக்கொண்டே பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான் அது. அந்த இடத்தில் முன்பு டைனமோ இருந்தது. ஐம்பது வருடம் கோலோச்சிய டைனமோ ஏன் போனது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆரம்பகாலக் கார்களில் விளக்குக்குக் கார்பைடு அல்லது மண்ணெண்ணெய். எஞ்சினைக் கிளப்பக் கைப்பிடி. கைப்பிடி திருப்பி உதைத்தால் கை முறியும். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த சார்லஸ் கெட்டரிங் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் வருட மாடல் காடிலாக் காரில் வந்தது. ஸ்டார்ட்டருக்குப் பாட்டரி வேண்டும். பாட்டரிக்குச் சார்ஜ் வேண்டும். அப்படித்தான் கார்களில் டைனமோ நிலைத்தது.

டைனமோ எப்படி வேலை செய்கிறது? காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் சுற்றினால் மின்சாரம் பிறக்கும். 1831-இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த உண்மை இது. ஆனால் அந்த மின்சாரம் ஒரே பக்கமாக ஓடாது. முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். பாட்டரிக்கோ ஒரே பக்கம் ஓடுகிற மின்சாரம்தான் ஆகும். நம் கவலை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். மாடு முன்னே போகும், பின்னே வரும். தண்ணீர் மட்டும் வாய்க்காலில் ஒரே பக்கம் ஓடும். டைனமோவில் இந்த வேலையைச் செய்வது கம்யூட்டேட்டர் என்கிற செம்பு வளையமும், அதில் உரசிக்கொண்டே இருக்கும் கார்பன் பிரஷ்ஷும்.

கோளாறும் அங்கேதான். டைனமோவில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் அந்தப் பிரஷ் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். பொறி பறக்கும்; பிரஷ் தேயும். கனத்த சுருளே சுற்றுவதால் ரொம்ப வேகமாகவும் சுற்ற விட முடியாது. சுருள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வேகத்துக்கு இப்படி ஓர் எல்லை வைத்ததால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவிலிருந்து ஒன்றும் கிடைக்காது. அந்த நேரம் பாட்டரி மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கக் கட்-அவுட் என்று தனியாக ஒன்று வைத்தார்கள்.

கார் நிற்காமல் ஓடுகிற வரையில் இது போதுமாக இருந்தது. பிறகு ரேடியோ வந்தது, ஹீட்டர் வந்தது, விளக்குகள் பெருத்தன. நகரத்தில் வண்டிகள் நின்று நின்று போக ஆரம்பித்தன. செலவு கூடியது; வரவு கூடவில்லை. போலீஸ் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும்தான் முதலில் திண்டாட்டம். எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடும், ரேடியோவும் விளக்கும் பாட்டரியைக் காலி செய்துவிடும்.

ஆல்டர்னேட்டர் அப்போதே தெரியாத விஷயமா? இல்லை. அதில் எல்லாம் தலைகீழ். காந்தம் சுற்றும்; மின்சாரம் தரும் சுருள் அசையாமல் நிற்கும். காந்தத்துக்கு வேண்டிய சில ஆம்பியர் மட்டும் பிரஷ் வழியே போகும். பெரிய மின்சாரம் நிற்கிற சுருளிலிருந்து நேராக வந்துவிடும். வேகமாகச் சுற்றினாலும் தாங்கும். ஆனால் மாறி மாறி ஓடும் மின்சாரத்தை ஒரே பக்கம் திருப்ப வேண்டுமே! 1940-களில் அதற்குச் செலீனியம் தகடுகளை அடுக்கினார்கள். அது பெரிசு, சூடும் அதிகம். போலீஸ் வண்டி மாதிரி விசேஷ வண்டிகளுக்கு மட்டும் அது சரிப்பட்டது.

1950-களில் சிலிக்கன் டயோடு வந்தது. விரல் நுனி அளவுதான் இருக்கும். கிணற்றில் ஃபுட் வால்வு என்ன செய்கிறது? தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. டயோடும் அப்படியே; மின்சாரத்தை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. கட்-அவுட்டுக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. 1960-இல் கிரைஸ்லர் கம்பெனி தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வைத்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். பிரிட்டனில் எம்ஜிபி கார் 1967-இல் மாறியது. அதன் லூகாஸ் டைனமோ தந்தது 22 ஆம்பியர். ஆல்டர்னேட்டர் தந்தது 30-க்கும் மேல்.

நம்ம ஊர் அம்பாசடர் காரும் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்ததுதான். அதனால் பழைய அம்பாசடர்களிலும் டைனமோவே இருந்தது.

இன்றும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள், "மாற்றலாமா?" என்று கேட்கிறார்கள். பகலில் எப்போதாவது ஓட்டுகிற வண்டிக்கு டைனமோவே போதும். பிரஷ் மாற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இரவிலும் நெரிசலிலும் ஓட்டுவதானால் ஆல்டர்னேட்டர்தான் நல்லது. மாற்றுகிறவர்கள் மூன்றை மறக்கக் கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைத்திருப்பார்கள்; அதைக் கவனித்து மாற்ற வேண்டும். பாட்டரியைத் தலைகீழாக இணைத்தால் டயோடு அந்த நொடியே கருகும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றக் கூடாது. கடைசி இரண்டும் உங்கள் டிராக்டருக்கும் பொருந்தும்.

டைனமோ கெட்ட எந்திரம் அல்ல. சுமை கூடியபோது, அதன் பிரஷ் வழி குறுகலாகிவிட்டது. ஆல்டர்னேட்டரும் புது யோசனை அல்ல. விரல் நுனி அளவு டயோடுக்காக அது காத்திருந்தது, அவ்வளவுதான்.