மடிக்கணினித் திரைக்கீல்: வரலாறும் பழுதுபார்ப்பும்

மடிக்கணினித் திரைக்கீல் என்பது மடிக்கணினியின் திரைப்பகுதியை விசைப்பலகை அமைந்த உடற்பகுதியுடன் இணைக்கும் உறுப்பாகும். திரையைத் திறக்கவும், மூடவும், வேண்டிய கோணத்தில் நிறுத்தவும் இது உதவுகிறது. பழுதுபார்க்கும் கடைகளில் இது ஹிஞ்ச் என்றே வழங்கப்படுகிறது. செயலியும் நினைவகமும் நல்ல நிலையில் இருக்கும்போதே, கீலைச் சுற்றி ஏற்படும் உடைவினால் மடிக்கணினிகள் கைவிடப்படுவது உண்டு. பெரும்பாலான நேரங்களில் உடைவது கீல் அன்று. கீலைத் தாங்கும் உறையே. எனவே திரைக்கீலின் வரலாறு, அதைத் தாங்கும் உறையின் வரலாறும் ஆகும்.

தோற்றம்

எடுத்துச் செல்லத்தக்க தொடக்ககாலக் கணினிகள் பலவற்றில் திரைக்கீல் இல்லை. 1981இல் வெளிவந்த ஆஸ்போர்ன் 1, ஏறத்தாழ 11 கிலோ எடை கொண்ட ஒரு பெட்டி. அதன் 5 அங்குலக் கதிர்க்குழாய்த் திரை பெட்டிக்குள் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. விசைப்பலகையே பெட்டியின் மூடியாகவும் அமைந்தது. 1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 பலகை போலத் தட்டையானது. எட்டு வரிகளைக் காட்டும் அதன் திரை, விசைப்பலகைக்கு மேற்புறத்தில் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தது.

விசைப்பலகையின்மீது திரையை மடித்து மூடும் அமைப்பைப் பரவலாக அறியச் செய்தது, அமெரிக்காவின் கிரிட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1982இல் வெளியிட்ட கிரிட் காம்பஸ் ஆகும். இதை வடிவமைத்தவர் பிரித்தானியரான பில் மாக்ரிட்ஜ். சிப்பியைப் போலத் திறந்து மூடுவதால் இது சிப்பி வடிவம் எனப்பட்டது. மூடிய நிலையில் திரையும் விசைகளும் பாதுகாப்பாக இருந்தன. திறந்த நிலையில் திரை பயனரின் முகத்தை நோக்கி நின்றது. 8,150 டாலர் விலை கொண்ட இக்கணினியின் உறை மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆனது. நாசாவின் விண்ணோடப் பயணங்களிலும் இது பயன்பட்டது. இதன் மடிப்பு அமைப்பே பின்னர் மடிக்கணினிகளின் பொது வடிவமாயிற்று. இதன் உலோக உறை அவ்வாறு பொதுவாகவில்லை.

இயங்கும் முறை

கதவுக் கீல் தடையின்றிச் சுழல வேண்டும். திரைக்கீலோ விட்ட இடத்தில் நிற்க வேண்டும். இதற்கு உராய்வு பயன்படுகிறது. பொதுவான வகையில் ஓர் எஃகுத் தண்டின்மீது வளைந்த வாஷர்கள் சில அடுக்கப்பட்டு, முனையில் உள்ள நட்டு அவற்றை இறுக்கிப் பிடிக்கிறது. நட்டு இறுக இறுக உராய்வு கூடும். மற்றொரு வகையில், எஃகுப் பட்டை ஒன்று தண்டைச் சுற்றி இறுகப் பற்றியிருக்கும். இரு வகைகளிலும் தேய்மானத்தைக் குறைக்கக் கிரீஸ் இடப்படுகிறது.

உடைவதற்கான காரணம்

விலை குறைந்த மடிக்கணினிகளின் உறைகள் பெரும்பாலும் நெகிழியால் ஆனவை. உறையின் உட்புறத்தில் சிறு நெகிழித் தூண்கள் இருக்கும். அவற்றில் சூடாக்கிப் பதிக்கப்பட்ட பித்தளை மரைக்குழல்களில்தான் கீலின் திருகுகள் முடுக்கப்படுகின்றன.

நெம்புகோல் விதிப்படி இத்தூண்கள்மீது பெரும் விசை விழுகிறது. திரையின் மேல் விளிம்பு கீலிலிருந்து 20 செ.மீ. தொலைவிலும், திருகு 1 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொண்டால், விளிம்பில் கை தரும் விசையைப் போல் 20 மடங்கு விசை அத்திருகின் பிடிப்பில் விழும். கிரீஸ் உலர்ந்தோ துரு ஏறியோ கீல் இறுகிவிட்டால் இது மேலும் கூடும். திரையை ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால், சுமை ஒரு பக்கக் கீலில் மிகுதியாகச் சேரும். நாளடைவில் தூண் விரிசல் விட்டு, மரைக்குழல் பெயர்ந்து வருகிறது. அதன்பின் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கீல் உறையை நெம்பிப் பிளக்கிறது. கீல் வழியே செல்லும் திரைக்கம்பியும் அறுபடக்கூடும்.

உலோகக் கீலே முறிவதும் உண்டு. 2001இல் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் டைட்டானியம் பவர்புக் ஜி4 கணினியில் கீல் முறிவு பரவலாக அறியப்பட்ட குறைபாடாக இருந்தது.

பழுதுபார்க்கும் முறைகள்

திரையை மூடும்போது உறையின் மூலை பிளந்து தூக்கினால், கணினியை மேலும் திறந்து மூடுவதை உடனே நிறுத்த வேண்டும். தூண் மட்டும் உடைந்த நிலையில் செலவு குறைவு. திரையும் கம்பியும் சேதமடைந்தபின் செலவு பன்மடங்காகும்.

முதலில் கணினியை அணைத்து, அடிமூடியைக் கழற்றி, மின்கல இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் கீல் இறுகியுள்ளதா எனப் பார்த்து, நட்டு உள்ள வகையானால் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இரு கீல்களும் ஒரே அளவு இறுக்கத்தில் இருப்பது முக்கியம். கீலின் இறுக்கத்தைச் சரிசெய்யாமல் தூணை மட்டும் ஒட்டினால், அது மீண்டும் பெயரும்.

பெயர்ந்த மரைக்குழலை அதன் இடத்தில் வைத்து, சுற்றிலும் எப்பாக்சி பசை இட்டு, முழுமையாக இறுகும்வரை விட்டுவிடுவது வழக்கமான முறை. தூண் அடியோடு போயிருந்தால், உறையைத் துளையிட்டு வெளியிலிருந்து திருகாணி முடுக்குவது உண்டு. அழகு குறைந்தாலும் பிடிப்பு உறுதியாக இருக்கும். விரைவில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையின் ஆவி, அருகிலுள்ள பரப்புகளில் வெண்படலம் படியச் செய்யும் என்பதால் திரைக்கு அருகில் அதைத் தவிர்ப்பது நல்லது. மாற்று உறை கிடைத்தால் அதைப் பொருத்துவதே சிறந்த தீர்வு. கடைகளில் திரையின் பின்மூடி ஏ பேனல் என்றும், திரையைச் சுற்றிய சட்டம் பி பேனல் என்றும், விசைப்பலகைப் பகுதி சி பேனல் என்றும், அடிமூடி டி பேனல் என்றும் அழைக்கப்படுகின்றன.

பழுதுபார்க்கும் உரிமை

மாற்று உறுப்பும் செய்முறைக் கையேடும் கிடைத்தால்தான் இவ்வேலை எளிதாகும். ஐபிஎம் நிறுவனம் தன் திங்க்பேட் கணினிகளுக்கு, கீல் உட்பட உறுப்புகளின் எண்களைக் கொண்ட பராமரிப்புக் கையேடுகளைப் பொதுவில் வெளியிட்டது. எல்லா நிறுவனங்களும் அவ்வாறு செய்யவில்லை. ஓர் ஐபுக் கணினியைச் சரிசெய்யக் கையேடு கிடைக்காத நிலையில், கலிபோர்னியாவில் இரு கல்லூரி மாணவர்கள் 2003இல் ஐஃபிக்சிட் நிறுவனத்தைத் தொடங்கினர். அது பழுதுபார்க்கும் கையேடுகளை இலவசமாக வெளியிட்டு வருகிறது.

2021 சனவரியில் பிரான்சு, மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்களுக்குப் பத்துக்கு இத்தனை எனப் பழுதுபார்ப்பு மதிப்பெண் காட்டுவதைக் கட்டாயமாக்கியது. கழற்றும் எளிமை, உதிரி உறுப்புகளின் இருப்பு, அவற்றின் விலை ஆகியவை அதில் கணக்கிடப்படுகின்றன. அதே ஆண்டு சந்தைக்கு வந்த பிரேம்வொர்க் மடிக்கணினிக்குக் கீல்கள் தனி உறுப்பாக விற்கப்படுகின்றன. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 சூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்த குழுவை அமைத்தது. அதற்கான இணைய வாயில் அவ்வாண்டு திசம்பரில் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்வி நிலையங்களின் மாணவர்கள் பல லட்சம் பேர் மடிக்கணினி பெற்றனர். வீட்டில் இருக்கும் ஒரே கணினி அதுவாக இருக்கும்போது, ஒரு நெகிழித் தூண் உடைவது படிப்பையே பாதிக்கும். புதுக் கணினி வாங்க இயலாதவர்களுக்கு, சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் விற்கப்படும் உதிரி உறுப்புகளும், ஊர்தோறும் உள்ள பழுதுபார்ப்பவர்களின் கைத்திறனுமே துணை. உற்பத்தி நின்றுபோன மாதிரிகளுக்கு, பழுதான வேறொரு கணினியிலிருந்து எடுத்த கீலும் பேனலும் பயன்படுத்தப்படுகின்றன.